எட்டு நரம்புப் பீர்க்கைக்கு ஒரு திருடன் தேவை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு திருடன். ஆகாதவர்கள் கட்டிவிட்ட கதை இல்லை இது. அரசாங்கக் கோப்பில், முத்திரையோடு, என் கையெழுத்தோடு இருக்கிறது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், என் வீட்டுக்காரியின் அண்ணன் கிணற்றடியில் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் வேலியில் தொங்கிய விதைப் பீர்க்கங்காயைப் பறித்துத் துண்டில் சுருட்டிக்கொண்டு வந்தேன். நன்றாகக் காய்ந்த காய். நடக்க நடக்க உள்ளே விதை கலகலவென்று ஆடியது. அந்தச் சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று வீடு வரைக்கும் இருமிக்கொண்டே வந்தேன்.

கேட்காமல் திருடவில்லை. இரண்டு தடவை கேட்டேன். "இந்த ஜாதி என் வேலியில மட்டும்தான் காய்க்கணும் மாப்ளே. சந்தையில நான் ஒருத்தன்தான் இதை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும்" என்று மச்சான் சொல்லிவிட்டார். பின்னாளில் ஒரு கம்பெனி இதே வார்த்தைகளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து சொன்னபோது, எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று நினைத்தேன்.

பீர்க்கங்காய்க்குப் பத்து நரம்பு இருக்கும். தோல் சீவுகிற எல்லோருக்கும் தெரியும். இந்தக் காய்க்கு எட்டுத்தான். முழ நீளம் வளராது, ஒரு சாண்தான். ஆனால் கோடையில் மற்ற கொடியெல்லாம் அப்பளமாகச் சுருண்டு கிடக்கும்போது இது மட்டும் பூத்துக்கொண்டிருக்கும். நான் கொண்டுவந்த ஒரு காயிலிருந்து மூன்றே வருஷத்தில் நாற்பது வீட்டு வேலிக்கு ஏறிவிட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் கை நிறையக் கொடுத்தேன். திருட்டுப் பொருளைப் பதுக்கி வைக்கிற கெட்ட பழக்கம் எனக்குக் கிடையாது.

மச்சான் சும்மா விடவில்லை, நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அதைப் பிறகு சொல்கிறேன். அன்றிலிருந்து அவருக்கும் எனக்கும் பேச்சு கிடையாது என்பது மட்டும் இப்போதைக்குப் போதும்.

மூன்று வருஷம் முன்பு தொப்பி வந்தான். பெயர் சொன்னான், மனதில் நிற்கவில்லை. தொப்பிதான் நின்றது. பெரிய தொப்பி, அதன் நிழலில் இரண்டு பேர் உட்காரலாம். "நீங்கதாங்க பெரிய விஞ்ஞானிங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது, சொல்லிக் குடுங்க" என்றான். எங்களிடம் வந்து ஒருவன் இப்படிச் சொன்னால் போதும், போட்டிருக்கிற சட்டையைக் கூடக் கழற்றிக் கொடுத்துவிடுவோம். அன்றைக்கு முண்டியடித்துக்கொண்டு சொன்னோம். கொடியில் முதல் காயை விதைக்கு விடக் கூடாது, ஐந்தாவது காய்தான் என்றார் ஒருவர். ஏழாவது என்று இன்னொருவர் சண்டைக்கு வந்தார். பறித்துக் காயப்போடக் கூடாது, கொடியிலேயே காய வேண்டும், யாரும் சமையலுக்குப் பறித்துவிடாமல் துணிக்கிழிசல் கட்டி அடையாளம் வைக்க வேண்டும் என்றேன் நான். என் வீட்டுக்காரி அவனைச் சமையல்கட்டுக்கே கூட்டிப்போய், அடுப்புக்கு மேலே புகையில் தொங்கும் விதைக்காய்களைக் காட்டினாள். கண்ணில் நீர் வர இருமினான். தண்ணீர் கொடுத்தாள். எல்லாவற்றையும் போனில் பதிவு செய்துகொண்டான்.

கிளம்பும்போது வீட்டுக்கு ஒரு காய் என்று ஒரு சாக்கு நிறையக் கொடுத்தோம். தூக்க முடியாமல் தடுமாறினான். நான்தான் ஜீப் வரைக்கும் தோளில் தூக்கிப்போய் வைத்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது நேர்மையாக இருக்காது.

போன கோடையில் சந்தைச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'சம்மர் கிங்' என்ற எட்டு நரம்புப் பீர்க்கையைக் கம்பெனி ஒன்று ஏழு வருஷம் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்துவிட்டதாம். அதோடு 'புகை வழி விதைப் பாதுகாப்பு முறை' என்று ஒன்றையும் கண்டுபிடித்திருக்கிறதாம். பதிவு முடிந்த பிறகு அனுமதி இல்லாமல் இந்த விதையைச் சேமித்தாலோ, விற்றாலோ, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாலோ குற்றம். ஆட்சேபணை இருந்தால் தொண்ணூறு நாளில் சொல்ல வேண்டும். நாங்கள் பார்த்தபோது பதினேழு நாள்தான் பாக்கி. அறிவிப்பின் பாதியை யாரோ டியூஷன் விளம்பரம் ஒட்டி மறைத்திருந்தார்கள்.

நாற்பது வீட்டுக்காரர்களும் சேர்ந்து என்னைப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். "ஊரெல்லாம் விதை குடுத்தது நீங்கதானே, நீங்களே போங்க" என்றார்கள். நன்றிக்கடனை இப்படியும் தீர்க்கலாம்.

நாலாவது மாடி. லிஃப்டில் 'பழுது' என்று எழுதியிருந்த அட்டையே பழுப்பேறிப் போயிருந்தது. கவுண்டரில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருந்தார். நல்ல மனுஷி, ஆனால் ஆபீஸ் மனுஷி.

"அந்தக் காய் உங்ககிட்ட முன்னாடியே இருந்ததுக்கு என்ன ஆதாரம்?"

"சாப்பிட்டிருக்கோம்மா."

"அதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?"

"சாப்பிட்டதுக்கு யாரும்மா எழுதி வெப்பாங்க?"

"அவங்க எழுதி வெச்சிருக்காங்களே." கம்பெனியின் விண்ணப்பத்தைத் திருப்பிக் காட்டினார். செங்கல் கனம். "எத்தனை நரம்பு, எவ்வளவு நீளம், விதையில என்ன புள்ளி, எல்லாம் இருக்கு. உங்களுக்கும் அதே மாதிரி வேணும். தேதி போட்டு, ஏதாவது ஒரு அரசாங்க ஆபீஸ் முத்திரையோட, பழைய காகிதம்."

"வேணும்னா நாற்பது பேரைக் கூட்டிக்கிட்டு வரேன். எல்லாரும் சொல்லுவாங்க."

"நாற்பது பேரை எப்படிங்க ஃபைல்ல வெக்கிறது?"

நியாயமான கேள்விதான். படியில் இறங்கி வந்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். தேதி, முத்திரை, எத்தனை நரம்பு, என்ன புள்ளி. ஒரு பீர்க்கங்காயைப் பற்றி இவ்வளவு விவரமாக எந்த மடையன் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருப்பான்? பாலம் தாண்டும்போது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு மடையன் இருக்கிறான். என் மச்சான்.

வீட்டுக்குப் போகாமல் ஸ்டேஷன் வாசலிலேயே இறங்கினேன். புகார்களை எழுதி வைக்கிற ரைட்டர் பழைய கட்டுகளை இறக்கித் தூசி தட்டினார். மூன்றாவது கட்டில் இருந்தது. மூன்று பக்கம். அந்தக் காலத்து ரைட்டர் பொறுமைசாலி போலிருக்கிறது. களவு போன பொருளின் அடையாளம் என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தார்: 'ஒரு சாண் நீளம். எட்டு நரம்பு. மனுதாரர் கொண்டுவந்த அதே ஜாதிக் காயில் முதல் நரம்பில் நூல் கட்டி என் முன்னிலையில் எண்ணிப் பார்த்ததில் எட்டு என்பது சரி. விதை கறுப்பு, முனையில் வெள்ளைப் புள்ளி. அடுப்புப் புகையில் தொங்கவிடுவதற்காகச் சிவப்புத் துணி கட்டிக் கொடியில் விட்டிருந்த காய்.'

எனக்கு ரைட்டரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. அவர் பக்கத்தைத் திருப்பினார்.

"இது யாரு, எதிரி வாக்குமூலம்? நீங்களா?" என்று சத்தமாகப் படித்தார். "'நான் எதையும் திருடவில்லை. என் வேலியில் இருப்பது சாதாரணப் பத்து நரம்புப் பீர்க்கை. எட்டு நரம்புப் பீர்க்கை என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது.' கீழே கையெழுத்து. நல்லா அழகா போட்டிருக்கீங்க."

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கடைசி வரியைச் சொன்னபோது எவ்வளவு சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டது ஞாபகம் வந்தது.

"இதுல ஒரு நகல் குடுங்க சார்."

"புகார் குடுத்தவரு வந்து கேக்கணும். திருடனுக்கெல்லாம் நகல் குடுக்க விதி இல்லை."

அன்று சாயங்காலமே மச்சான் வீட்டுக்குப் போனேன். பதினெட்டு வருஷம் கழித்து அந்த வாசலில் கால் வைக்கிறேன். மச்சான் மோட்டாரைப் பிரித்துப் போட்டு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏய், யாரோ வந்திருக்காங்க பாரு. என்ன வேணும்னு கேளு."

அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அட, வாங்க! உக்காருங்க."

"அக்கா, ஸ்டேஷன்ல ஒரு நகல் வாங்கணும், அவரு வந்து கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க" என்றேன். மச்சான் இரண்டடி தூரத்தில்தான் இருந்தார்.

"எதுக்குன்னு கேளு."

விஷயத்தைச் சொன்னேன். அக்காதான் நடுவில் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலித்து, "இந்தக் கூத்துக்கு நான் ஆள் இல்லை, நீங்களே பேசிக்குங்க" என்று சமையல்கட்டுக்குள் போய்விட்டார்.

மச்சான் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "வரேன். ஆனா ஒரு கண்டிஷன். எல்லார் முன்னாடியும் திருடினேன்னு சொல்லணும்."

"எடுத்தேன்னு சொல்றேன்."

"எடுக்கறதுக்கு அது என்ன ரோட்டுலயா கிடந்தது? திருடினேன்னு சொல்லணும். எழுத்துல."

"மச்சான், எனக்கும் வயசாச்சு. மருமகன் வந்துட்டான் வீட்டுக்கு."

"அதனாலதான் கேக்கறேன். மருமகனுக்கும் தெரியட்டுமே, யாரு வீட்டுல பொண்ணு எடுத்திருக்கோம்னு."

எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தேன். அப்போது சமையல்கட்டுப் பக்கம் கண் போனது. அடுப்புக்கு மேலே ஒரு விதைப் பீர்க்கங்காய் தொங்கியது. அதன் காம்பில் கட்டியிருந்த துணி நீலக் கட்டம் போட்டது. எனக்கு அந்தத் துணியைத் தெரியும். ஆறு வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த என் சட்டை அது.

"மச்சான், இந்தக் காய் ஏது?"

உள்ளேயிருந்து அக்கா சொன்னார்: "இவரு கொடியெல்லாம் நோய் வந்து செத்துப்போச்சுல்ல, அந்த வருஷம் உங்க வீட்டுக்காரிதான் குடுத்து அனுப்பினா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னா."

"நீ சும்மா இரு" என்றார் மச்சான். வாஷரைக் கண் அருகில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "சரி, நாளைக்கு ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு?"

கண்டிஷனை மட்டும் விடவில்லை.

நகலை இணைத்து ஆட்சேபணை கொடுத்தோம், பதிவு அலுவலகத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். விசாரணை அறையில் நீள மேஜை, மூன்று மைக். ஒன்றும் வேலை செய்யவில்லை, ஆனாலும் எல்லோரும் அதில்தான் பேசினார்கள். கம்பெனி வக்கீல் முன்னால் கலர் கலராகக் காகிதம் ஒட்டிய நாலு கோப்பு. பக்கத்தில் தொப்பி, தொப்பி இல்லாமல். வெயில் இல்லாத இடத்தில் அவன் சின்னவனாகத் தெரிந்தான். எங்கள் பக்கம் நான், மச்சான், பின்வரிசையில் என் வீட்டுக்காரி. கையில் ஒரு மஞ்சள் பை, அதில் மூன்று பீர்க்கங்காய்.

அதிகாரி முதலில் காயை வாங்கி நரம்பை எண்ணினார். விரலால் சுற்றிச் சுற்றி எண்ணி, "ஒன்பது" என்றார்.

"பாருங்க!" என்று வக்கீல் எழுந்தார். "வேற காய்!"

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, ஆரம்பிச்ச இடத்தையே ரெண்டு தடவை எண்ணிட்டீங்க. முதல் நரம்புல ஒரு நூல் கட்டிக்கணும். ஸ்டேஷன் ரைட்டரே அப்படித்தான் எண்ணினாரு. அதுல எழுதியிருக்கு, பாருங்க." கோப்புக் கட்டும் நாடாவை உருவி, நரம்பில் கட்டி எண்ணினார்கள். எட்டு. கம்பெனியின் ஏழு வருஷ ஆராய்ச்சியில் இந்த நூல் விஷயம் இல்லை. யாரும் தொப்பியிடம் சொல்லாமல் விட்ட ஒரே விஷயம் அதுதான் போலிருக்கிறது.

வக்கீல் சளைத்தவர் இல்லை. நகலைக் கையில் எடுத்தார். "இவங்க கொண்டுவந்த காகிதத்தையே படிக்கறேன் சார். மூணாவது பக்கம். அனுபவம் உள்ள ஒரு விவசாயியின் வாக்குமூலம். 'எட்டு நரம்புப் பீர்க்கை என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது.' உலகத்துலயே இல்லாத காயை எங்க கம்பெனி உண்டாக்கியிருக்கு. இதைவிட என்ன சாட்சி வேணும்?"

மச்சான் என் விலாவில் முழங்கையால் இடித்தார். எழுந்தேன்.

"ஐயா, அது பொய்."

"எது பொய்?"

"நான் சொன்னது. அந்தக் காயை நான்தான் எடுத்தேன்." மறுபடியும் விலாவில் இடி. "திருடினேன்."

வக்கீல் சிரித்தார். "அன்னைக்குப் போலீஸ்கிட்டயே பொய் சொன்னவரு இன்னைக்கு உண்மை சொல்றாருன்னு எப்படி நம்பறது?"

"அன்னைக்குத் தப்பிக்கப் பார்த்தேன், பொய் சொன்னேன். இன்னைக்கு மாட்டிக்கப் பார்க்கறேன். மாட்டிக்கறதுக்காக எவனாவது பொய் சொல்லுவானா ஐயா?"

அதிகாரி பேனாவை மூடி, மறுபடி திறந்தார். மச்சானைப் பார்த்தார். "சரி, உங்களுக்கு இந்த விதை எங்கிருந்து வந்தது?"

இதை நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை. மச்சான் மைக்கைத் தட்டிப் பார்த்தார். "ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வேலியில இருந்துங்க."

"கேட்டு வாங்கினீங்களா?"

"வீட்டுல யாரும் இல்லைங்க."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். பதினெட்டு வருஷம்! அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இதுக்கு யாருதான் சொந்தக்காரங்க?" என்றார் அதிகாரி சலிப்போடு.

"யாரும் இல்லைங்க," என்றேன். "கேட்டாக் குடுப்போம். குடுக்கலைன்னா திருடுவோம். இப்படியே வந்ததுதான். ஆனா எவனும் நான்தான் உண்டாக்கினேன்னு சொன்னதில்லை. அந்த அளவுக்கு எங்களுக்குத் தைரியம் இல்லைங்க."

புகை முறை தனி ஆராய்ச்சி என்று வக்கீல் வேறு பக்கம் போகப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து என் வீட்டுக்காரியின் குரல். "அது எங்க சமையல்கட்டுங்க. இதோ இந்தத் தம்பிதான் இருமினாரு. ரெண்டு டம்ளர் தண்ணி குடுத்தேன். ஏழு வருஷமாம்! டம்ளரைக்கூட ஒழுங்கா வெக்கத் தெரியலை, கவுத்துட்டுப் போனாரு."

தொப்பி மேஜையைப் பார்த்தான். புகாரிலேயே 'அடுப்புப் புகையில் தொங்கவிடுவதற்காக' என்ற வரி இருந்ததால் அதிகாரிக்கு மேலே கேட்க ஒன்றும் இல்லை.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. விண்ணப்பம் நிராகரிப்பு. காரணம்: மேற்படி காய் குறைந்தது பதினெட்டு வருஷமாகப் புழக்கத்தில் உள்ளது, அதை இன்னாரிடமிருந்து இன்னார் திருடியது அவரது ஒப்புதல் மூலம் உறுதி. கவுண்டரில் கண்ணாடி அம்மா நகலைக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க. சமாதானம் ஆயிட்டோம்னு அந்தப் புகாரை வாபஸ் வாங்கிடாதீங்க. பொய்ப் புகார்னு ஆயிட்டா, உங்க ஆதாரம் போச்சு. அவங்க திரும்ப வருவாங்க."

மச்சானிடம் சொன்னேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

"வாபஸா? உயிர் இருக்கிற வரைக்கும் மாட்டேன் மாப்ளே. ஊர் நன்மைக்காகச் சொல்றேன்."

ஆக, ஊரார் வேலியில் அந்தக் காய் சும்மா காய்க்க வேண்டும் என்றால் நான் சாகிற வரை திருடனாக இருக்க வேண்டும். மருமகன் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தால் பர்ஸைச் சட்டையின் உள்பாக்கெட்டில் வைக்கிறான்.

கதை இதோடு முடியவில்லை. போன மாசம் இன்னொரு தொப்பி வந்து பாகல் கொடியைப் படம் எடுத்துக்கொண்டு போனான் என்று தெரிந்ததும், ஊரில் ஒரு யோசனை பரவியது. எந்த விதைக்கும் ஒரு பழைய காகிதம் வேண்டும். இன்று எழுதினால்தானே நாளைக்குப் பழசாகும்? பொய்ப் புகார் கொடுப்பது தப்பு, கண்ணாடி அம்மாவே சொல்லியிருக்கிறார். அதனால் உண்மையாகவே திருட ஆரம்பித்தார்கள். தையற்காரர் தன் தம்பியின் பாகலைத் திருடினார். என் கொழுந்தியா தன் நாத்தனாரின் பூசணியைத் திருடினாள். பிறகு களவு கொடுத்தவர் காயோடு ஸ்டேஷனுக்குப் போய், நீளம், நிறம், வரி, எந்த மாசம் பூக்கும் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். திருடியவர் கூடவே போய் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும்போது இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் வந்தார்கள்.

ரைட்டர் இப்போது மேஜை டிராயரில் ஒரு நூல்கண்டும் இன்ச் டேப்பும் வைத்திருக்கிறார். "மாவட்டத்துலயே இங்கதான்யா திருட்டு அதிகம்னு மேலே இருந்து விளக்கம் கேட்டிருக்காங்க, என்ன எழுதறது?" என்று என்னிடம் புலம்பினார். மூத்த திருடன் என்ற மரியாதையில் கேட்டார் என்று நினைக்கிறேன்.

நேற்று மத்தியானம் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தேன். தலையெல்லாம் சோப்பு. வேலிப் பக்கம் யாரோ இருமுகிற சத்தம். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். மச்சான் என் குட்டைச் சுரையின் விதைக்காயைப் பறித்து நிதானமாகத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் பார்க்கிறேனா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"மச்சான்!" என்றேன்.

"கத்தாதீங்க மாப்ளே. குளிச்சிட்டுப் போய் எழுதிக் குடுங்க," என்றார். "கழுத்துப் பக்கம் ஒரு பச்சை வரி இருக்கு. அதை மறந்துட்டு வந்து நிக்காதீங்க."

இருமிக்கொண்டே போனார்.